எலெக்ட்ரிக் சூப்பர்சார்ஜர் போட்டால் பவர் கூடுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிக்கப் பற்றிப் பேச்சு வந்தாலே "எலெக்ட்ரிக் டர்போ போடலாமா" என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை, கேட்பவர்கள் கேட்கும் விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். கணக்குகள் எல்லாம் ஒரே உதாரணத்தை வைத்துப் போட்டவை: 1197 சிசி, நான்கு சிலிண்டர், டர்போ இல்லாத பெட்ரோல் என்ஜின், 6000 ஆர்பிஎம்மில் 83 பிஎஸ் பவர். நம் ரோட்டில் அதிகம் ஓடுவது இந்த ரகம்தான்.

1. எலெக்ட்ரிக் சூப்பர்சார்ஜர்னா என்ன? டர்போவும் இதுவும் ஒண்ணுதானா?

என்ஜினின் பவர் கடைசியில் அது எரிக்கும் பெட்ரோலின் அளவுதான். ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோலைக் கூடுதலாகத் தெளிப்பது சுலபம். அதற்கு ஈடான காற்றை சிலிண்டருக்குள் சேர்ப்பதுதான் பாடு. சாதாரண என்ஜின், பிஸ்டன் இறங்கும்போது உண்டாகும் உறிஞ்சலை மட்டுமே நம்பியிருக்கிறது. அதற்கு மேல் காற்றைத் திணிக்க ஒரு கம்ப்ரெசர் வேண்டும்.

அந்தக் கம்ப்ரெசரை எக்ஸாஸ்ட் புகை சுழற்றினால் டர்போ. கிராங்கிலிருந்து பெல்ட்டோ கியரோ சுழற்றினால் சூப்பர்சார்ஜர். மின் மோட்டார் சுழற்றினால் எலெக்ட்ரிக் சூப்பர்சார்ஜர். ஆன்லைனில் "எலெக்ட்ரிக் டர்போ" என்று மலிவாக விற்பது இந்த மூன்றிலும் சேராது. ஏர் ஹோஸுக்குள் செருகும் விசிறி அது. பல சமயம், படகுகளில் என்ஜின் அறையில் தேங்கும் பெட்ரோல் ஆவியை வெளியேற்ற வைக்கும் ஊதுவிசிறிதான் பெயர் மாறி வருகிறது.

2. ரெண்டாயிரம் ரூபாய் ஃபேன் போட்டா பிக்கப் ஏறுமா, ஏறாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

ஏறாது.

3. ஏன் ஏறாது? காத்தை உள்ளதானே தள்ளுது?

தள்ளுகிறது. ஆனால் என்ஜின் கேட்கும் அளவுக்குத் தள்ள அதற்குத் தெம்பு கிடையாது. நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் முழுக் கொள்ளளவையும் உறிஞ்சும். 1197 சிசி, 6000 ஆர்பிஎம் என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3600 லிட்டர். சிலிண்டர் 85 சதவீதம் நிறைகிறது என்று வைத்தால் சுமார் 3050 லிட்டர், அதாவது வினாடிக்கு 51 லிட்டர். ஒவ்வொரு வினாடியும் மூன்று குடம் காற்று.

விசிறியின் பக்கம் வருவோம். 12 வோல்ட்டில் 4 ஆம்பியர் இழுக்கும் விசிறி 48 வாட். அதில் பாதி காற்றுக்குப் போய்ச் சேர்ந்தாலே பெரிய விஷயம். தாராளமாக 24 வாட் என்று வைத்துக்கொள்வோம். இந்த வாட்டை வினாடிக்குப் போகும் காற்றின் கன அளவால் வகுத்தால் அழுத்தம் தெரிந்துவிடும்: 24 ÷ 0.051 = 470 பாஸ்கல். 5 மில்லிபாரைக்கூட எட்டவில்லை. வெளிக்காற்றின் அழுத்தமே 1013 மில்லிபார். ஏர் ஃபில்டர், பாக்ஸ், ஹோஸ் எல்லாம் சேர்ந்து முழு வேகத்தில் 20 முதல் 30 மில்லிபார் வரை தின்றுவிடும். அந்த இழப்பைக்கூட இந்த விசிறியால் ஈடுகட்ட முடியாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும் காரின் முகப்பில் வந்து மோதும் காற்றுக்கும் ஏறக்குறைய 460 பாஸ்கல் அழுத்தம் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கும் விசிறி தருவதும் பைபாஸில் போனால் சும்மா கிடைப்பதும் ஒரே அளவு.

4. அப்ப உண்மையிலேயே பூஸ்ட் வேணும்னா எவ்வளவு கரண்ட் வேணும்?

இந்தப் பக்கத்தின் முக்கியமான கணக்கு இதுதான். பூஸ்ட் என்பது வெளிக்காற்றுக்கு மேல் கூடுதலாகக் கிடைக்கும் அழுத்தம். 0.3 பார் (300 மில்லிபார்) பூஸ்ட் என்று வைப்போம். அது சாதாரண அளவுதான், அசுர பூஸ்ட் ஒன்றும் இல்லை. வெளிக்காற்று 35 டிகிரி, கம்ப்ரெசரின் செயல்திறன் 65 சதவீதம். அழுத்தும்போது காற்று சூடாகி 72 டிகிரி வாக்கில் வெளியே வரும். சூடான காற்றுக்கு அடர்த்தி குறைவு என்பதால், அழுத்தம் 30 சதவீதம் கூடியும் காற்றின் எடை 16 சதவீதம்தான் கூடும். இதற்குக் கம்ப்ரெசர் ஷாஃப்ட்டில் சுமார் 2.5 கிலோவாட் வேண்டும். மோட்டார், கன்ட்ரோலர் இழப்பைச் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 3.1 கிலோவாட். 12 வோல்ட்டில் அது 260 ஆம்பியர்.

சின்ன பெட்ரோல் காரின் ஸ்டார்ட்டர் மோட்டார் ஒரு கிலோவாட் அளவில் இருக்கும். செல்ஃப் அடிக்கும்போது ஹெட்லைட் மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மூன்று ஸ்டார்ட்டர் மோட்டாரை ஒரே நேரத்தில், ஆக்ஸிலேட்டரை மிதித்திருக்கும் நேரம் முழுக்க ஓட்டுவது போன்ற சுமை இது. காரின் ஆல்டர்னேட்டர் தருவதோ 70 முதல் 90 ஆம்பியர். அதிலும் கணிசமான பங்கை விளக்கு, ரேடியேட்டர் ஃபேன், ஏசி புளோயர், ஈசியு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), பெட்ரோல் பம்ப் ஆகியவை எடுத்துக்கொள்ளும்.

ஆகவே எந்தப் பொருளைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது வாட் எவ்வளவு என்று. மெல்லிசு ஒயர் இரண்டும் 10 ஆம்பியர் ஃபியூஸும் கொடுத்திருந்தால் மேற்கொண்டு விசாரிக்கவே வேண்டாம். 260 ஆம்பியர் தாங்க 70 சதுர மில்லிமீட்டர் செப்பு கேபிள் வேண்டும். ஏறக்குறைய கட்டைவிரல் மொத்தம்.

5. பெட்டி மேல 150 சிஎஃப்எம்னு போட்டிருக்கே? கை வச்சா காத்தும் பலமா அடிக்குதே?

அந்த எண் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. 150 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 150 கன அடி) என்பது வினாடிக்கு 71 லிட்டர், நம் என்ஜினின் தேவையை விட அதிகம்தான். ஆனால் அது எந்த எதிர்ப்பும் இல்லாத திறந்த வெளியில் அளந்த எண். முன்னால் தடை வர வர விசிறி தள்ளும் அளவு சரிந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் சுழன்றுகொண்டே எதையும் தள்ளாமல் நிற்கும். பூஸ்ட் என்பது தடைக்கு எதிராகத் தள்ளுவது. கையில் படும் காற்று வேகத்தைக் காட்டும், அழுத்தத்தைக் காட்டாது.

அழுத்தம் வருவது பெரும்பாலும் இலையின் நுனி வேகத்திலிருந்து. 70 மில்லிமீட்டர் விசிறி 5000 ஆர்பிஎம்மில் சுற்றினால் நுனி வேகம் வினாடிக்கு 18 மீட்டர். 0.3 பார் உண்டாக்க, டர்போவில் இருப்பது போன்ற சக்கரத்துக்கு வினாடிக்கு 230 மீட்டர் வாக்கில் வேண்டும். 60 மில்லிமீட்டர் சக்கரமாக இருந்தால் 73,000 ஆர்பிஎம். இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள். போதாததற்கு, நடுவில் மோட்டார் மறித்துக்கொண்டிருக்கும் அந்த ஓட்டையில் 51 லிட்டர் காற்று நுழைய, அது வினாடிக்கு 26 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். இலையை விடக் காற்று வேகமாகப் போகிறது. அந்த நிலையில் விசிறி காற்றைத் தள்ளுவதில்லை, காற்றுதான் விசிறியைச் சுழற்றுகிறது.

6. மோட்டாரே இல்லாம, ஹோஸ்ல வச்சா காத்தைச் சுழல வைக்கும்னு ஒரு தகடு வருதே?

அது வெறும் தடை. வாங்க வேண்டாம்.

7. ஆடி, பென்ஸ் எல்லாம் எலெக்ட்ரிக் கம்ப்ரெசர் வைக்கிறாங்களே. அது மட்டும் எப்படி வேலை செய்யுது?

கணக்கை மதித்துக் கட்டியிருப்பதால். 2016-இல் வந்த ஆடி எஸ்க்யூ7 டீசலை எடுத்துக்கொள்ளுங்கள். 4 லிட்டர் வி8, இரண்டு டர்போ, 435 பிஎஸ், 900 நியூட்டன் மீட்டர். அதில் வலேயோ நிறுவனத்தின் மின் கம்ப்ரெசர் ஒன்று கூடுதலாக இருக்கிறது: 48 வோல்ட், 7 கிலோவாட், 70,000 ஆர்பிஎம். கால் வினாடிக்குள் அந்த வேகத்தைத் தொட்டுவிடும். 4, 5-ஆம் பதில்களில் வந்த எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பொருந்தி வரும். மெர்சிடிஸ் 2017-இல் எஸ் கிளாஸில் கொண்டுவந்த ஆறு சிலிண்டர் எம்256 என்ஜினிலும் இதே ஏற்பாடு உண்டு. 300 மில்லி வினாடியில் 70,000 ஆர்பிஎம்.

கவனிக்க வேண்டியது இன்னொன்று. இந்தக் கார்களில் உச்ச பவரைத் தருவது டர்போதான். ஆர்பிஎம் குறைவாக இருக்கும்போது டர்போவைச் சுழற்றப் போதிய எக்ஸாஸ்ட் இருக்காது. மிதித்தபின் ஒன்றிரண்டு வினாடி காத்திருக்க வேண்டும். டர்போ லேக் என்பது இதுதான். அந்த இடைவெளியை மட்டும் மின் கம்ப்ரெசர் நிரப்புகிறது. டர்போ வேகமெடுத்ததும் ஒரு பைபாஸ் வால்வு திறக்க, காற்று கம்ப்ரெசரைத் தொடாமல் நேராக என்ஜினுக்குப் போகிறது. ஆடியில் மின் கம்ப்ரெசர், டர்போ சூடாக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் பின்னால், என்ஜினுக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது. நடுவில் நிரப்ப வேண்டிய குழாய் நீளம் குறைவு என்பதால் அழுத்தம் சட்டென ஏறும்.

ஓயாமல் ஓட்டாததற்குக் காரணம் சூடு. உள்ளங்கை அளவு மோட்டாரில் 7 கிலோவாட் செலுத்தினால் அது சில வினாடிகளிலேயே கொதிக்கத் தொடங்கும்.

8. அது ஏன் 48 வோல்ட்?

7 கிலோவாட்டை 12 வோல்ட்டில் கொடுத்தால் 580 ஆம்பியருக்கு மேல் போகும். 48 வோல்ட்டில் 146 ஆம்பியர். இன்னும் ஏற்றலாமே என்றால், 60 வோல்ட் டிசியைத் தாண்டினால் மின்கார்களில் இருப்பது போன்ற ஷாக் பாதுகாப்பு ஏற்பாடுகள் அவசியமாகிவிடும், செலவு எகிறும். அந்த எல்லைக்குள் நின்றுகொண்டு கிடைக்கும் சௌகரியமான இடம் 48.

9. இ-டர்போன்னு ஏஎம்ஜி, போர்ஷேல சொல்றாங்களே, அதுவும் இதுதானா?

வேறு. அதில் தனிக் கம்ப்ரெசர் கிடையாது. வழக்கமான டர்போவின் ஷாஃப்ட்டிலேயே, எக்ஸாஸ்ட் சக்கரத்துக்கும் காற்றுச் சக்கரத்துக்கும் நடுவில் மெல்லிய மோட்டார் ஒன்றைக் கோத்திருக்கிறார்கள். 2022-இல் வந்த ஏஎம்ஜி எஸ்எல் 43-இல் அந்த மோட்டாரின் தடிமன் 4 சென்டிமீட்டர்தான். ஃபார்முலா 1 கார்களில் 2014 முதல் 2025 வரை இருந்த எம்ஜியு-எச் என்ற பாகத்திலிருந்து வந்த யோசனை இது.

இதில் ஒரு லாபம் உண்டு: மோட்டார் டர்போவைச் சுழற்றவும் செய்யும், எக்ஸாஸ்ட் மிஞ்சும்போது ஜெனரேட்டராக மாறிக் கரண்டும் தரும். 2024 போர்ஷே 911 கரேரா ஜிடிஎஸ்ஸில் 400 வோல்ட் அமைப்பில் இப்படி 11 கிலோவாட் வரை திரும்பக் கிடைக்கிறது. தனி மின் கம்ப்ரெசரால் இது முடியாது. அது செலவு செய்ய மட்டுமே தெரிந்த சாதனம்.

10. ஆல்டர்னேட்டரைச் சுத்துறதே என்ஜின்தான். அதுல கரண்ட் எடுத்து அதே என்ஜினுக்கு பவர் ஏத்துறது எப்படி நடக்கும்? ஏமாத்து வேலைதானே?

இந்த வாதம் அடிக்கடி வருகிறது. விசிறியை எதிர்ப்பவர்களே இதைச் சொல்கிறார்கள், ஆனால் வாதம் தப்பு. பெல்ட் சூப்பர்சார்ஜரும் என்ஜினிடமிருந்தே சக்தியை எடுக்கிறது. எடுத்ததை விட அதிகமாகத் திருப்பித் தருகிறது. கூடுதல் சக்தி வருவது கூடுதலாக எரியும் பெட்ரோலிலிருந்து. கம்ப்ரெசர் அதற்கு வழிவிடும் வேலையை மட்டும் செய்கிறது.

நம் உதாரணத்தில் பாருங்கள். 83 பிஎஸ் என்பது 61 கிலோவாட். காற்று 16 சதவீதம் கூடினால், மற்றதெல்லாம் ஒத்துழைக்கும் பட்சத்தில், 9.8 கிலோவாட் கூடும். தேவையான 3.1 கிலோவாட் மின்சாரத்தை 60 சதவீதச் செயல்திறனுள்ள ஆல்டர்னேட்டர் அப்போதைக்கப்போது தர வேண்டுமென்றால் என்ஜினிலிருந்து 5.2 கிலோவாட் போகும். மீதி 4.6 கிலோவாட், அதாவது 6 பிஎஸ் சொச்சம். பேட்டரியில் முன்பே சேமித்து வைத்திருந்தால் அந்த நேரத்துக்கு முழு 9.8-ம் கிடைக்கும், கடனைப் பிறகு மெதுவாக அடைக்கலாம். தத்துவத்தில் குறையில்லை. 48 வாட்டில் அதைச் செய்துவிடலாம் என்பதில்தான் குறை.

11. போட்டவங்க எல்லாம் வித்தியாசம் நல்லா தெரியுதுங்கறாங்களே?

தெரிவதற்குக் காரணங்கள் இருக்கின்றன. விசிறி பொருத்த ஏர் பாக்ஸைக் கழற்றும்போது அழுக்கு ஃபில்டரும் மாறிவிடும். பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டியதில் ஈசியு பழைய கற்றலை மறந்து புதிதாகத் தொடங்கும். இரண்டு நாளைக்கு ஆக்ஸிலேட்டர் வேறு மாதிரி இருக்கும். பாக்ஸை எடுத்துவிட்டு கூம்பு ஃபில்டர் போட்டிருந்தால் உறிஞ்சும் சத்தம் கேபினுக்குள் கேட்கும். சத்தம் கூடினால் வேகம் கூடியதாகவே தோன்றும். மத்தியானம் பொருத்தி ராத்திரி ஓட்டிப் பார்த்தால் குளிர்ந்த காற்றே சில சதவீதம் தந்துவிடும். காசு போட்டவரின் மனசு வேறு இருக்கிறது.

12. அப்ப நானே எப்படி டெஸ்ட் பண்ணிப் பார்க்கிறது?

காரின் ஓபிடி சாக்கெட்டில் செருகி ஈசியுவின் எண்களைப் போனுக்கு அனுப்பும் ப்ளூடூத் டாங்கிள் ஒன்றும் போனில் ஒரு ஆப்பும் போதும். பெரும்பாலான டர்போ இல்லாத கார்களில் மேப் சென்சார் இருக்கும். இன்டேக் மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தத்தைக் கிலோபாஸ்கலில் காட்டும். முதலில் என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து எண்ணைக் குறியுங்கள். அது உங்கள் ஊரின் காற்றழுத்தம். சென்னையில் 100 அல்லது 101 வரும்.

பிறகு வண்டி இல்லாத சமமான ரோட்டில், பக்கத்தில் ஒருவர் போனைப் பார்க்க, மூன்றாவது கியரில் 2000 ஆர்பிஎம்மிலிருந்து முழுசாக மிதித்து 5500 வரை போங்கள். ஆர்பிஎம், மேப், இன்டேக் காற்று வெப்பம் மூன்றையும் பதிவு செய்யுங்கள். விசிறி ஆனில் மூன்று முறை, ஆஃபில் மூன்று முறை, கழற்றி வைத்துவிட்டு மூன்று முறை. எல்லாம் ஒரே நாளில், ரோட்டின் இரு திசையிலும், ஏசி அணைத்து.

படிக்கும் விதம் சுலபம். பூஸ்ட் இல்லாத என்ஜின் முழு மிதியில் 97, 98 காட்டும். பூஸ்ட் உண்மையாக இருந்தால் சாவி ஆனில் பார்த்த எண்ணைத் தாண்ட வேண்டும், 0.3 பார் என்றால் 130 வரை போக வேண்டும். விசிறியைக் கழற்றியபோது எண் கூடுகிறதென்றால் இத்தனை நாள் அது தடையாக இருந்திருக்கிறது.

13. விக்கிறவங்க டைனோ கிராஃபே காட்டுறாங்களே?

டைனோ என்பது வண்டியை உருளை மேல் ஓட்டிப் பவரை அளக்கும் இயந்திரம். அந்த கிராஃபில் மேப் சென்சாரின் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே கியரா, ஒரே டயர் அழுத்தமா, என்ஜின் சூடு ஒன்றா, இரண்டு ஓட்டத்துக்கும் ஒரே வானிலைத் திருத்தக் காரணி போட்டிருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். ஒரே காரை எதையும் மாற்றாமல் டைனோவில் இரண்டு முறை ஓட்டினாலே ஒன்றிரண்டு சதவீதம் முன்னே பின்னே வரும்.

14. பவர் வேண்டாம், மைலேஜாவது கூடுமா?

கூட வழியில்லை. சாதாரணமாக ஓட்டும்போது ஆக்ஸிலேட்டரைக் கால்வாசிதான் மிதிக்கிறோம். அப்போது காற்று குறைவாகப் போவது த்ராட்டில் பாடியின் பட்டர்ஃபிளை வால்வு வேண்டுமென்றே மறிப்பதால். வால்வுக்கு முன்னால் விசிறி வைத்துத் தள்ளினால், அதே வேகத்துக்குக் காலை இன்னும் கொஞ்சம் தளர்த்துவீர்கள். வால்வு இன்னும் கொஞ்சம் மூடும். விசிறிக்குப் போகும் 48 வாட் மட்டும் நிகர நஷ்டம்.

15. போட்டா பவர் வராட்டியும் பரவாயில்ல, ஏதாவது கெடுமா?

கெடும். ஃபில்டருக்குப் பின்னால் பொருத்திய விசிறியின் பிளாஸ்டிக் இலை என்ஜின் சூட்டில் நொறுங்கினால் துண்டுகள் த்ராட்டில் பாடிக்குப் போகும். ஹோஸை வெட்டிப் பொருத்தும்போது கிளாம்ப் சரியாக உட்காராவிட்டால் ஃபில்டர் ஆகாத தூசு உள்ளே போகும்; மண் ரோட்டில் ஓடும் வண்டிக்கு சிலிண்டர், ரிங் தேய்மானம் நிச்சயம். ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில் பக்கத்திலேயே விசிறி கலக்கினால் ரீடிங் தடுமாறி ஈசியுவில் பி0101 என்ற கோளாறு எண் விழும். சென்சாருக்குப் பின்னால் கசிந்தால் பி0171.

ஒயரிங் தனிக் கதை. ஃபியூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து நேரடியாக இழுத்த ஒயர், சூடான எக்ஸாஸ்ட் பக்கம் உரசினால் தீ. பொருத்தியே தீருவேன் என்பவர்கள் பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸும், சாவி அணைந்ததும் அணையும்படி ரிலேயும் வைக்க வேண்டும்.

16. நிஜமான பூஸ்ட் கொடுத்தா ஈசியு தானா அட்ஜஸ்ட் பண்ணிக்காதா?

ஓரளவுக்குத்தான். டர்போ இல்லாத காரின் மேப் சென்சார் காற்றழுத்தத்துக்குச் சற்று மேல் வரை அளக்கத்தான் செய்யப்பட்டிருக்கும். அதைத் தாண்டினால் சென்சார் உச்சத்தில் நின்றுவிடும், பி0108 விழலாம், கூடுதல் காற்று வந்ததே ஈசியுவுக்குத் தெரியாது. ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்துச் செய்யும் திருத்தம் மித ஓட்டத்துக்கானது. முழு மிதியில் ஈசியு அதை விட்டுவிட்டு தன் நினைவில் எழுதியிருக்கும் அட்டவணை எண்களை (இதையும் மேப் என்பார்கள், சென்சார் வேறு) நம்பிப் போகும். காற்று கூடி பெட்ரோல் கூடாவிட்டால் கலவை மெலியும், எரிப்பின் சூடு ஏறும்.

அடுத்தது நாக்கிங். இன்றைய 1.2 லிட்டர் என்ஜின்களில் கம்ப்ரெஷன் 11:1, 12:1 என்று இருக்கிறது. அதன் மேல் 72 டிகிரிக் காற்றை 0.3 பார் அழுத்தத்தில் திணித்தால் சாதாரண பெட்ரோல் தானாகவே வெடிக்கப் பார்க்கும். நாக் சென்சார் அதைக் கேட்டு ஸ்பார்க்கைத் தள்ளிப்போடும்; பிஸ்டன் தப்பிக்கும், ஆனால் 10-ஆம் பதிலில் சொன்ன லாபத்தில் நல்ல பங்கு அங்கேயே கரைந்துவிடும்.

17. தனி பேட்டரி வச்சு நானே ஒழுங்கா ஒண்ணு கட்டினா?

செய்ய முடியும், ஆனால் பட்டியல் நீளம். 60 மில்லிமீட்டர் அளவில் மையவிலக்கு கம்ப்ரெசர், 70,000 ஆர்பிஎம் தாங்கும் பேரிங், 3 கிலோவாட் பிரஷ்லெஸ் மோட்டார், அதற்கேற்ற கன்ட்ரோலர், 48 வோல்ட் லித்தியம் பேட்டரி, சின்ன இன்டர்கூலர், பைபாஸ் வால்வு, 2 பார் வரை அளக்கும் மேப் சென்சார், பெரிய இன்ஜெக்டர், ஒரு படி குளிர்ந்த பிளக், பூஸ்டுக்கு எழுதிய ஈசியு மேப். மோட்டார் ஓடாத நேரம் என்ஜின் தாராளமாக மூச்சு விட பைபாஸ் அவசியம். அதை விட்டுவிட்டால் மிதிக்காத நேரமெல்லாம் கம்ப்ரெசரே தடை.

ஆச்சரியம் என்னவென்றால் பேட்டரியின் கொள்ளளவு பெரிய பிரச்சினை இல்லை. 15 வினாடி பூஸ்டுக்கு 13 வாட் மணி போதும். 48 வோல்ட், 10 ஆம்பியர் மணி பேட்டரியில் 480 வாட் மணி இருக்கிறது. ஆனால் அது 65 ஆம்பியரை ஒரேயடியாகத் தர வேண்டும், அதாவது தன் கொள்ளளவைப் போல் ஆறரை மடங்கு வேகத்தில். மலிவு சைக்கிள் பேட்டரி அங்கே படுத்துவிடும். 12-லிருந்து 48-க்கு ஏற்றும் 200 வாட் கன்வெர்ட்டர் வைத்தால் ஒவ்வொரு 15 வினாடிக்கும் நான்கைந்து நிமிடத்தில் ஈடுகட்டலாம்.

வழக்கமாகக் கோட்டை விடும் இடம் கிராங்க்கேஸ் மூச்சுக்குழாய். ஏர் ஹோஸிலிருந்து வால்வு கவருக்குப் போகும் அந்தச் சின்னக் குழாய், கம்ப்ரெசருக்குப் பின்னால் வரும்படி விட்டுவிட்டால் பூஸ்ட் நேராக கிராங்க்கேஸுக்குள் போய் ஆயில் சீல்களைப் பிதுக்கும். அதைக் கம்ப்ரெசருக்கு முன்னால் மாற்ற வேண்டும். பிசிவி வால்வு (கிராங்க்கேஸ் ஆவியை இன்டேக்குக்கு அனுப்புவது), பிரேக் பூஸ்டர் குழாய், பெட்ரோல் ஆவி பர்ஜ் குழாய் மூன்றிலும் எதிர்த்திசையில் காற்று போகாத செக் வால்வு நன்றாக மூடுகிறதா என்று பார்க்க வேண்டும். இவ்வளவுக்கும் ஆகும் செலவில் டர்போ என்ஜின் உள்ள பழைய கார் ஒன்றுக்கு மாறிவிடலாம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

18. பைக்குக்கு சின்னதா ஒண்ணு போதுமே?

150 சிசி பைக் 8000 ஆர்பிஎம்மில் வினாடிக்கு 8.5 லிட்டர் உறிஞ்சும். கார் அளவு வேண்டாம், ஆனால் சின்னக் கம்ப்ரெசருக்குச் செயல்திறன் குறைவு என்பதால் 0.3 பாருக்கு 700 வாட் வாக்கில் தேவைப்படும். பைக்கின் சார்ஜிங் அமைப்பு மொத்தமும் தருவது 200 வாட் அளவுதான். ஒற்றை சிலிண்டர் விட்டு விட்டு உறிஞ்சுவதால் நடுவில் ஒரு காற்றுப் பெட்டியும் வேண்டும். கார்புரேட்டர் வண்டியானால் ஃப்ளோட் கிண்ணத்துக்கும் அதே அழுத்தம் கொடுத்து, பெட்ரோலைப் பம்ப் வைத்துத் தள்ள வேண்டும். இல்லையென்றால் பூஸ்ட் வந்ததும் பெட்ரோல் வருவது நின்றுவிடும்.

கம்பெனிகள் இறங்கியிருக்கின்றன. கவாசாகி நிஞ்ஜா எச்2-வின் 998 சிசி என்ஜினில் இருப்பது கிராங்க்கிலிருந்து கியர் சுழற்றும் சூப்பர்சார்ஜர். ஹோண்டா 2024-இல் மிலான் கண்காட்சியில் மின் கம்ப்ரெசர் வைத்த மூன்று சிலிண்டர் வி3 என்ஜினைக் காட்டியது. அது பெரிய பைக்குக்கானது.

19. என் வண்டி டர்போ டீசல். டர்போ முன்னாடி ஃபேன் வச்சா லேக் குறையுமா?

குறையாது. டர்போ வேகமெடுக்காமல் இருப்பது எக்ஸாஸ்ட் பக்கம் தெம்பு இல்லாததால். முன்பக்கம் 5 மில்லிபார் கொடுத்து அதை எழுப்ப முடியாது. வோல்வோ 2016-இல் டி5 டீசலுக்கு எக்ஸாஸ்ட் பக்கத்தையே கவனித்தது: 2 லிட்டர் டேங்கில் அழுத்தக் காற்றை அடைத்து வைத்து, மிதித்ததும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் பீய்ச்சி டர்போவைச் சுழற்றியது.

டீசலில் வேறொரு விஷயமும் உண்டு. அது எப்போதும் தேவைக்கு மேல் காற்றோடுதான் ஓடும், பவரை நிர்ணயிப்பது டீசலின் அளவு. டீசலைக் கூட்டாமல் காற்றை மட்டும் கூட்டினால் கறுப்புப் புகை குறையலாம், இழுவை கூடாது.

20. ஊட்டி ஏறும்போது வண்டி திணறுது. அப்பவாவது உதவுமா?

ஊட்டி இருப்பது 2240 மீட்டர் உயரத்தில். அங்கே காற்றழுத்தம் 770, 780 மில்லிபார்தான். டர்போ இல்லாத என்ஜின் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பவரை இழக்கும். இழந்தது 230 மில்லிபாருக்கு மேல், விசிறி தருவது 5. கீழ் கியரில் ஆர்பிஎம்மைத் தூக்கிப் பிடித்து, செங்குத்தான வளைவுகளில் ஏசியை அணைத்து ஏறுவது பலன் தரும்.

21. சட்டப்படி போடலாமா? இன்சூரன்ஸ்ல பிரச்சினை வருமா?

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவுப்படி, கம்பெனி பதிவு செய்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். என்ஜின் பவரை மாற்றும் நிஜமான கிட் இதில் மாட்டும். தெரிவிக்காத மாற்றத்தைக் காரணம் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி கிளெய்மை மறுக்கலாம், குறிப்பாக ஒயரிங்கில் தீப்பிடித்த வழக்குகளில். ஹோஸை வெட்டியதைப் பார்த்தாலே ஷோரூமில் வாரண்டி பேச்சு முடிந்துவிடும்.

22. அந்தக் காசுல வேற என்ன பண்ணினா பிக்கப் தெரியும்?

புது வண்டி போல் ஓடினால் போதும் என்றால்: ஏர் ஃபில்டர், தேய்ந்த பிளக், கரி படிந்த த்ராட்டில் பாடி, சரியான டயர் காற்று, ஒட்டிக்கொண்டிருக்கும் பிரேக். எழுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் இவை போன பவரைத் திருப்பித் தரும். கிளட்ச் வழுக்குகிறதா என்றும் பாருங்கள். நிறையப் பேர் என்ஜினைக் குறை சொல்லும் வண்டிகளில் கோளாறு அங்கேதான் இருக்கிறது.

23. ஏற்கெனவே வாங்கிப் போட்டுட்டேன். இப்ப என்ன பண்ண?

கழற்றிவிடுங்கள். வெட்டிய ஹோஸை டேப் சுற்றி ஒட்டாமல் புதிதாக மாற்றி, புழு கிளாம்பை இரு முனையிலும் இறுக்குங்கள். பேட்டரியிலிருந்து இழுத்த ஒயரை முனை மட்டும் கழற்றித் தொங்கவிடாமல் முழுதாக எடுத்துவிடுங்கள். ஃபில்டர் பாக்ஸின் உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். ஃபில்டருக்குப் பின்னால் மண் ஒட்டினால் அடுத்த ஆயில் சர்வீஸை முன்கூட்டியே செய்வது நல்லது. விசிறியைத் தூக்கிப் போட வேண்டாம்: 12 வோல்ட் அடாப்டரில் இணைத்து, சால்டரிங் செய்யும் மேசையில் புகையை ஜன்னல் பக்கம் இழுக்க நன்றாக உழைக்கும்.